கியர் பாக்ஸை வீட்டில் பிரிக்கலாமா?

பழைய மாருதி 800-இல் கியர் கரகரத்தால் பட்டறையில் உடனே வரும் தீர்ப்பு, ‘கியர் பாக்ஸ் போயிடுச்சு, இறக்கணும்’ என்பதுதான். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. தேய்மானம் இருக்கத்தான் செய்யும். ஆனால் தேய்ந்தது பாக்ஸுக்கு உள்ளேதான் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் திரட்டுவதில் சொந்தக்காரரை மிஞ்ச ஆளில்லை. காலைக் குளிரில் எப்படி விழுகிறது, வண்டி சூடானபின் எப்படி விழுகிறது என்பது தினமும் ஓட்டுகிறவரின் கைக்கும் காதுக்கும்தான் தெரியும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இரைச்சல் வந்து, மிதித்தால் அடங்குகிறதா? உள்ளே இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். அதற்கு பாக்ஸை இறக்க வேண்டும், பிரிக்க வேண்டியதில்லை. எல்லாக் கியரும் முரண்டு பிடித்து, ரிவர்ஸ் சற்றுப் பொறுத்துப் போட்டாலும் கரகரத்தால், கிளட்ச் முழுதாக விலகவில்லை. முதலில் கேபிளைச் சரிசெய்து பார்க்கலாம். இரண்டாம் கியர் மட்டும் கரகரத்தால்தான் சிங்க்ரோ ரிங் மேல் கைகாட்டலாம். நகர ஓட்டத்தில் அதிகம் அடிபடுவது அது.

ஆயிலை வடித்துப் பார்ப்பது இன்னும் உறுதியான சாட்சி. காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். ஆயிலில் பொன்னிற மினுமினுப்பு தெரிந்தால் பித்தளை சிங்க்ரோ ரிங் கரைகிறது. நகத்தால் கிள்ளி எடுக்கும் அளவில் இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கலாம். அதற்குமேல் வண்டியை ஓட்டக் கூடாது. ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் பாக்ஸில் ‘உசத்தி’ என்று ஜிஎல்-5 ஊற்றும் பழக்கம் எனக்குக் கோபமூட்டுவது. அதிலுள்ள கூடுதல் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.

இதுவரை வீட்டு வேலை வெல்கிறது. பாக்ஸைத் திறந்தபின் தராசு மாறுகிறது. ரிங்கைக் கூம்பில் அழுத்தி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பது எளிது. புது ரிங் மட்டும் போட்டுவிட்டு, முனை மழுங்கிய ஸ்லீவையும் கியர்ப் பற்களையும் அப்படியே விடுவதுதான் தப்பு; கரகரப்பு திரும்பி வரும், உழைப்பு மொத்தமும் வீண். பேரிங்கோ இறுக்கமாக ஏற்றப்பட்டது. பிரஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்து ஏற்றினால், அடி குண்டுகள் வழியே பாய்ந்து புதுப் பேரிங்கின் ஓடுதடத்திலேயே பள்ளம் விழும்.

என் தீர்ப்பு இது: நோயறிதல், ஆயில், கேபிள், கியர் லிவர் புஷ் எல்லாம் வீட்டிலேயே ஆகட்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த வசதியும் தூக்க இன்னொரு ஆளும் இருந்தால் பாக்ஸை இறக்குவதும் ஆகட்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பதை எந்த மிச்சமும் நியாயப்படுத்தாது. பேரிங் மாற்றும் வேலையை மட்டும், இறக்கிய பாக்ஸோடு பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டு போங்கள். எதை மாற்ற வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுங்கள்.