தனிக் குவார்க்கின் வெளிச்சம்

2010-இல் ஃபீனிக்ஸ் குழு வெளியிட்ட ஒரு வரைபடத்தை நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில், புரூக்ஹேவன் ஆய்வகத்தின் 3.8 கிலோமீட்டர் வளையத்துக்குள் பொன் அணுக்கருக்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைத்துப் பெற்ற படம். புரோட்டானும் புரோட்டானும் மோதும்போது வரும் ஃபோட்டான்கள் ஒரு கோட்டில் ஒழுங்காக இறங்கிப் போகின்றன. பொன்னும் பொன்னும் மோதியதன் புள்ளிகள், உந்தம் அதிகமான பக்கத்தில் அதே கோட்டை ஒட்டியே நடக்கின்றன. உந்தம் குறைந்த பக்கம் வந்ததும் கோட்டை விட்டு எழும்புகின்றன. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத எழுச்சிதான்.

கொல்லுப்பட்டறையில் காய்ந்த இரும்பின் நிறம் பார்த்துச் சூடு சொல்வார்கள். இங்கேயும் அந்த வேலைதான். எழுச்சியின் சரிவு சொன்ன எண் 221 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் இரண்டரை லட்சம் கோடி கெல்வின். சூரியனின் மையமே ஒன்றரைக் கோடிதான். இந்த எண்கூட அந்தத் தீயின் முழு ஆயுளுக்குமான ஒரு கலவைக் கணக்கு. தொடக்கச் சூடு 300-லிருந்து 600 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை இருந்திருக்கும் என்பது கோட்பாட்டாளர்களின் கணிப்பு.

எண்ணைவிட அதை எடுத்த விதம்தான் எனக்கு ருசி. மோதலில் பிறக்கும் குவார்க்-குளூவான் குழம்பு வலுவிசையில் ஊறிக் கிடக்கிறது. ஃபோட்டானுக்கு வலுவிசை தெரியாது. பிறந்த இடத்திலிருந்து யாரோடும் ஒட்டாமல் நேரே வெளியேறிவிடும். ஆகவே பிறந்த கணத்தின் செய்தி அதனிடம் கலையாமல் இருக்கும். ரஷ்யாவில் எட்வர்டு ஷுர்யாக் 1978-இல் குவார்க்-குளூவான் பிளாஸ்மா என்று பெயர் வைத்ததே லெப்டான்களையும் ஃபோட்டான்களையும் பற்றிய ஒரு கட்டுரையில்தான். இந்தக் கலையில் கொல்கத்தாவுக்கும் பழைய பங்கு உண்டு. ஃபோட்டான்களை எண்ணும் கருவிகள் அங்கே உருவாகி செர்னுக்கும் புரூக்ஹேவனுக்கும் போயின.

தொல்லை என்னவென்றால், தீ அணைந்து வெகுநேரம் கழித்து நடுநிலைப் பையான் என்னும் துகள்கள் ஒவ்வொன்றும் சிதைந்து இரண்டிரண்டு ஃபோட்டான்களாகக் கொட்டுகின்றன. கருவிக்கு வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி இந்தப் பிற்காலச் சரக்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பானையில் முதலில் விழுந்த அரிசி எது என்று தேடும் வேலை இது.

ஃபீனிக்ஸ்காரர்கள் செய்தது என்ன? ஃபோட்டான் பிறக்கும் இடத்திலெல்லாம் சிறுபான்மையாக ஓர் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையும் பிறக்கும். பையானின் நிறை 135 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதிலிருந்து வரும் இணைக்குத் தாயைவிட அதிக நிறை இருக்க முடியாது. எனவே 100-க்கும் 300-க்கும் இடைப்பட்ட பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பையான் கூட்டம் அங்கே அநேகமாக வர முடியாது. ஆதித் தீயின் இணைகள் வரலாம். சத்தத்தை அடக்க முயலாமல், சத்தம் நுழைய விதியே இல்லாத அறையைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார்கள். நல்ல கைவேலை என்று இதைத்தான் சொல்வேன்.

இதே மோதல்களில் எழும் காந்தப்புலத்தின் கதையும் இப்படி ஒரு தடையில்தான் தொடங்குகிறது. ஆனால் இங்கே தடை உடைகிறது.

இரண்டு அணுக்கருக்கள் நெற்றிக்கு நெற்றி மோதாமல் சற்று விலகி உரசினால், மோதாத புரோட்டான்கள் இருபுறமும் எதிரெதிர்த் திசையில் பறந்துபோகும். இரண்டும் மின்னோட்டங்கள். பள்ளியில் படித்த வலதுகைப் பெருவிரல் விதியை இருபுறமும் வைத்துப் பாருங்கள்: நடுவில் இரண்டு புலங்களும் ஒரே திசையில் கூடும். எவ்வளவு? ஒன்றுக்குப் பின் 18 சுழியம் போட்ட காஸ் அளவு. பூமியின் காந்தம் அரை காஸ். காந்த விண்மீன்களான மேக்னட்டார்களே 15 சுழியத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் பொன் கருக்கள் ஒன்றையொன்று கடந்துபோவதற்கு ஆகும் நேரம், ஒளி ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கடக்கும் நேரம். புலத்தின் உச்சம் அதற்குள் முடிந்துவிடும்.

இந்தப் புலத்துக்குள் ஒரு குவார்க் என்ன செய்யும்? வெறும் வெளியில் தனிக் குவார்க் ஒன்று ஃபோட்டானை உமிழ முடியாது. அதன் கூடவே பயணம் செய்வதாக நினைத்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு அது சும்மா நிற்கிறது. கையில் இருப்பது நிறை மட்டும். ஃபோட்டானைக் கொடுத்துவிட்டுத் தானும் பின்னடிக்க அதனிடம் ஆற்றல் ஏது? அதனால் சாதாரணப் பிளாஸ்மாவில் இன்னொரு துகளின் துணை வேண்டும்: ஒரு குளூவானோடு மோத வேண்டும், அல்லது எதிர்க்குவார்க்கோடு சேர்ந்து அழிந்து குளூவானும் ஃபோட்டானுமாக மாற வேண்டும். காந்தப்புலம் வந்ததும் இந்தச் சட்டம் தளர்கிறது. குவார்க் வளைந்து சுற்றுகிறது. புலத்துக்குக் குறுக்கான உந்தம் அதன் சொந்தக் கணக்கில் இல்லை. ஆற்றல் படிப்படியாகப் பிரிந்து நிற்கிறது. 1930-இல் லாண்டாவ் கண்ட படிகள் அவை. மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது, யாருடைய துணையுமின்றி, ஒற்றைக் குவார்க் ஒளிர்கிறது.

சின்யாங் வாங், இகோர் ஷோவ்கோவி ஆகியோரின் கணக்குகளை ரசிக்க வேண்டிய இடம் இது. குவார்க் உமிழ்வது, எதிர்க்குவார்க் உமிழ்வது, இரண்டும் சேர்ந்து ஒரே ஃபோட்டானாக அழிவது: மூன்றே வழிகள். மூன்றிலும் குளூவான் இல்லை; வலுவிசை மாறிலி கணக்கின் முதல் வரியில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த அளவு புலத்தில் லாண்டாவ் படியின் உயரமும் பிளாஸ்மாவின் சூடும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்பது தற்செயல்தான். ஆனால் அழகான தற்செயல். படி மிக உயரமாக இருந்தால் ஏற ஆளில்லை, மிகத் தாழ்வாக இருந்தால் படியே தெரியாது.

இந்தக் கணக்குகளின் பின்னால் ஒரு புதிர் இருக்கிறது. ஓரம் உரசிய மோதலில் தீ பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும். அழுத்தம் அதன் குறுகிய பக்கம் அதிகமாகத் தள்ளும். துகள்கள் அந்தத் திசையில் கூடுதலாகப் பாயும். இந்த ஓட்டம் வளர நேரம் பிடிக்கும். ஃபோட்டான்களோ எண்ணிக்கையைப் பார்த்தால் சூடு தணியாத ஆரம்பத்தில் பிறந்தவை போலிருக்கின்றன. ஆகவே ஓட்டம் சொற்பமாக இருக்க வேண்டும். 2012-இல் ஃபீனிக்ஸ் அளந்தபோது பையான்களுக்கு நிகரான ஓட்டம் தெரிந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே நடந்த கதை. காந்தப்புலம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது: புலம் மோதல் தளத்துக்குச் செங்குத்து, குவார்க் சுற்றுவது புலத்துக்குச் செங்குத்து, சுற்றும் குவார்க்கின் வலுவான ஒளி ஓட்டத்தின் திசையிலேயே விழுகிறது. காத்திருக்கத் தேவையில்லை. பசார், கர்சீவ், ஸ்கோகோவ் மூவரும் 2012-இலேயே புலத்தை வேறொரு வழியில் கொண்டுவந்து இதே திசையைக் காட்டினார்கள்.

இவ்வளவு பொருந்தினால் எனக்குச் சந்தேகம் வரும். 2016-இல் ஃபீனிக்ஸ் ஃபோட்டான்கள் மூன்று திசைகளில் கூடுதலாகப் பாயும் முக்கோண ஓட்டத்தையும் அளந்து வெளியிட்டது. ஒரே திசையில் நிற்கும் காந்தப்புலத்தால் இரட்டைச் சமச்சீரைத் தர முடியும். முக்கோணத்தைத் தர முடியாது. மூன்றாவது தடை இது, உடையாத தடை. எனவே புலம் முழுப் புதிரையும் அவிழ்க்காது என்பதே என் கட்சி. போதாக்குறைக்கு அதே வளையத்தில் இருந்த ஸ்டார் குழு, ஃபீனிக்ஸைவிடக் குறைவான ஃபோட்டான்களையே கண்டது. புலமே கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. 2024-இல் ஸ்டார், நேர்மின் துகளும் எதிர்மின் துகளும் சற்றே வேறு பக்கம் சாய்வதை அளந்தது. புலம் விழும்போது ஃபாரடே விதிப்படி தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் தடம் அது.

ஷோவ்கோவி குழுவின் கணக்கில் இன்னொரு வரி உண்டு. உந்தம் குறையக் குறைய அந்த ஒளியின் வடிவம் திரும்பிக்கொள்ளும். தளத்தின் பக்கம் நீண்டிருந்தது புலத்தின் பக்கம் நீளும். வேறெந்த மூலமும் எளிதில் போலி செய்ய முடியாத கையெழுத்து. ஆனால் அது விழுவது பையான் ஒளி மிக அடர்த்தியாகக் கொட்டும் பகுதியில்.