ஓட்டத்தை வெட்டுதல்: வரவேற்பறைக் கணிப்பொறியின் அரசியல்

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கணிப்பொறி. அதற்குள் ட்யூனர் அட்டை, பெரிய ஹார்ட் டிஸ்க். ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பதிவு செய்து தோதான நேரத்தில் பார்ப்பது. சினிமா, பாட்டு, குடும்பப் போட்டோ எல்லாம் அதே பெட்டிக்குள். ‘இதுல என்னய்யா அரசியல்? வசதியுள்ளவன் வீட்டு விளையாட்டுச் சாமான்’ என்று தோழர்கள் கேட்கக்கூடும். பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நடுத்தர வர்க்க வீடுகளில் வளர்ந்த பழக்கம்தான் இது. ஆனால் பார்ப்பவரின் நேரம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்திருக்கிறது. அதன் வெற்றியும் தோல்வியும் நமக்கும் வேண்டியவை.

ரேமண்ட் வில்லியம்ஸ், தொலைக்காட்சி பற்றி 1974இல் வெளியிட்ட நூலில் ‘ஓட்டம்’ என்றொரு கருத்தாக்கத்தைத் தருகிறார். நாம் பார்ப்பது தனித்தனி நிகழ்ச்சிகளை அல்ல; நிகழ்ச்சி, விளம்பரம், அடுத்து வரப்போவதன் முன்னோட்டம் என்று இடைவெளியில்லாமல் திட்டமிடப்பட்ட ஓட்டத்தை. உட்கார்ந்தவரை எழுந்திருக்கவிடாமல் வைத்திருப்பது அதன் வேலை. விளம்பரதாரரிடம் விலைபோவது அந்த உட்கார்ந்திருத்தல்தான்.

இதை முதலில் வெட்டியது வீடியோ ரெக்கார்டர். பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. அதுவும் 5–4 என்ற கணக்கில். 2002இல் தொடங்கிய மித்டிவி என்ற கட்டற்ற மென்பொருள் இன்னும் ஒரு படி போயிற்று. திரை கறுப்பாகும் கணம், மூலையிலுள்ள சேனல் முத்திரை மறையும் கணம் ஆகியவற்றை வைத்து, விளம்பரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணித்துத் தாண்டிச் சென்றது. அதே ஆண்டு, எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியை மாற்றியமைத்துப் படம் பார்க்கும் பெட்டியாக்குகிற மென்பொருளைச் சிலர் எழுதினார்கள். 2014இல் கோடி என்று பெயர் மாறியது அதன் வாரிசுதான். ஆசிரியனிடமிருந்து பிரதியை வாசகன் கைப்பற்றுவது பற்றி இலக்கியத்தில் நிறையப் பேசிவிட்டோம். இங்கே அது ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நடந்தது.

சரி, கைப்பற்றிய அதிகாரம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? லண்டனில் 18 குடும்பங்களிடையே டேவிட் மார்லி நடத்திய ஆய்வு 1986இல் நூலாக வந்தது. ரிமோட் பெரும்பாலும் அப்பாவின் வசம் என்றது அது. வீடியோ ரெக்கார்டர் பற்றி 1992இல் எழுதிய ஆன் கிரே இன்னொன்றைக் காட்டினார். சில பெண்கள் டைமர் வைக்க வேண்டுமென்றே கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டால் அதுவும் தங்கள் தலையில் விழும் வேலையாகிவிடும். வரவேற்பறைக் கணிப்பொறிக்காரர்களின் சொல்லாடலில் ‘மனைவி ஏற்பு அளவு’ என்றே ஓர் அளவுகோல் புழங்கியது. பெட்டி சத்தமில்லாமல், பார்க்க லட்சணமாக இருந்தால் அளவு கூடுமாம். அதாவது, பெண் இங்கே பயன்படுத்துபவள் அல்ல; சமாளிக்கப்பட வேண்டிய தடை. கடவுச்சொல் ஒருவரிடம். பெட்டி மக்கர் செய்தால் வீடே அவருக்காகக் காத்திருக்கும். தொலைக்காட்சி நிலையத்தின் சர்வாதிகாரம் போய், வீட்டுக்குள் ஒரு குட்டி நிலைய இயக்குநர் உட்கார்ந்துவிட்டார்.

பின்னடைவுக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ஸ்ட்ரீமிங்கை வீட்டில் யாரும் நிர்வகிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அது விடுதலையாகத் தெரிந்தால் தப்புச் சொல்ல முடியாது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் தன் மீடியா சென்டரையே சேர்க்கவில்லை. தடைபோட்டு ஒழிக்க முடியாததை வசதி காட்டி ஓரங்கட்டினார்கள். இப்போது பிரதி நம்மிடம் இல்லை. உரிமம் முடிந்தால் படம் பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. வில்லியம்ஸ் சொன்ன ஓட்டம் வேறு வாசல் வழியே திரும்பி வந்துவிட்டது.

கூட்டாக நின்ற இடங்களில் கதை வேறு. டிஜிட்டல் ஒளிபரப்பில் சேர்க்கப்படும் நகல்தடுப்புக் குறிக்குக் கருவிகள் கட்டுப்பட வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2003இல் விதி செய்தது. எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் முன்னணியில் நின்றவை நூலகச் சங்கங்கள். 2005இல் விதி ரத்தானது. 2007இல், இந்த மென்பொருள்கள் நம்பியிருந்த இலவச நிகழ்ச்சி அட்டவணைச் சேவை நிறுத்தப்பட்டது. எந்த நேரத்தில் என்ன வருகிறது என்று தெரியாமல் பெட்டி எதைப் பதிவு செய்யும்? மென்பொருள் எழுதியவர்கள் கூடி லாபநோக்கற்ற அமைப்பொன்றைத் தொடங்கி, பயனர்களின் சந்தாப் பணத்தில் அட்டவணையைப் பெற்றார்கள்.

நம்மிடையேயும் ஆவணப்படங்கள், கூட்டப் பதிவுகள், போராட்டக் காட்சிகள் யாரோ ஒரு தோழர் வீட்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. சேமித்தது பெரிய காரியம்தான். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் அதைத் திறக்க வேறு யாருக்குத் தெரியும்? அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியுமா? இதற்குப் பதில் இல்லாதவரை, நாம் வைத்திருப்பதும் தனிச்சொத்துதான்.