மந்திக்கு யார் குரல்?

காட்டு விலங்குப் படங்களுக்கு நம்மூர்ப் பேச்சில் குரல் கொடுத்துச் சிரிக்கவைக்கும் சிறு காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காத தோழிகளுக்காக ஒன்றை விவரிக்கிறேன். வெளிநாட்டு ஆவணப்படத்திலிருந்து வெட்டியெடுத்த இரண்டு நிமிடத் துண்டு. மரக்கிளையில் இரண்டு குரங்குகள். பெண் குரங்கு ஆணுக்குப் பேன் பார்க்கிறது. அதன்மேல் குரல் ஏறுகிறது. சம்பளப் பணம் எங்கே, நேற்று ராத்திரி எவளோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று பெண் குரங்கு நச்சரிக்கிறது. ஆண் குரங்கு சலித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி உட்காருகிறது. பிறகு டாஸ்மாக் வருகிறது, மாமியார் வருகிறாள், கள்ளக்காதல் வருகிறது. இரண்டு குரங்குக்கும் பேசுபவர் பெரும்பாலும் ஒரே ஆண். பெண் குரங்குக்கு மட்டும் தொண்டையை இறுக்கிக் கீச்சுக்குரல்.

டிஸ்கவரி தமிழில் பேசத் தொடங்கியபோது விலங்குகளுக்குக் கம்பீரமான ஏட்டுத் தமிழ் கிடைத்தது. அந்தக் கம்பீரத்தைக் கிண்டலடிக்க ஆசை வருவது இயல்பே. எனக்கும் வந்திருக்கிறது. "இதோ, இரையை நோக்கி மெல்ல நகர்கிறது" என்று ஒரு குரல் அடுப்படிக்குள் கேட்கும்போது யாருக்குத்தான் பதில் சொல்லத் தோன்றாது? பச்சையாகப் பேசுவதும் எனக்குப் பிரச்சினை இல்லை. நடவு வயலிலும் நலங்கிலும் சம்பந்தியை ஏசும் பாட்டிலும் நம் பாட்டிகள் பாடாத பச்சையா? என் கேள்வி வேறு. வாயில்லாத பிராணிக்கு வாய் கொடுக்கும்போது ஆணுக்கு நகைச்சுவையும் பெண்ணுக்கு நச்சரிப்பும் மட்டுமே எப்படிப் பங்காகின்றன?

இது தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. 2005இல் லூக் ஜாக்கே எடுத்த பிரெஞ்சு ஆவணப்படம் பேரரசப் பெங்குவின்களின் நீண்ட நடையைக் காட்டியது. பிரெஞ்சு மூலத்தில் நடிகர்களின் குரலில் பெங்குவின்களே பேசும். அமெரிக்கப் பதிப்பில் அதை நீக்கிவிட்டு மார்கன் ஃப்ரீமனின் வர்ணனையை வைத்தார்கள். அங்கிருந்த பழமைவாதிகள் சிலர் குடும்ப விழுமியங்களுக்கான பாடமாக அதைக் கொண்டாடினார்கள். உண்மையில் அந்தப் பெங்குவின்களில் பெரும்பாலானவை அடுத்த பருவத்தில் வேறு துணையைத் தேடிக்கொள்ளும். 2007இல் பாப் சாகெட் அதைப் பகடி செய்து 'ஃபார்ஸ் ஆஃப் தி பெங்குவின்ஸ்' என்ற படத்தை வெளியிட்டார். வர்ணனைக்குச் சாமுவேல் எல். ஜாக்சன், பெங்குவின்கள் வாயைத் திறந்தாலே ஆபாசம். பக்திப் படத்தைப் பச்சைப் படம் கேலி செய்கிறது என்று நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். இங்கும் கதை ஆண் பெங்குவினுடையது, பெண் அவனுக்குக் கிடைப்பாளா மாட்டாளா என்பதே பிரச்சினை. ஒரு படம் அவளைப் பதிவிரதை ஆக்கியது, இன்னொன்று வேட்டைப் பொருள் ஆக்கியது. பறவையைப் பார்த்தவர் இரண்டிலும் இல்லை.

பார்த்தவருக்கு என்ன நடந்தது என்பதும் சுவையான கதை. ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் மருத்துவராகப் போன ஜார்ஜ் மரே லெவிக், 1911-12இல் அடேலி பெங்குவின்களின் பாலுறவு நடத்தைகளைக் கண்டு அதிர்ந்துபோய், குறிப்பேட்டில் சில பகுதிகளைக் கிரேக்க எழுத்தில் எழுதினார். 1915இல் அந்தக் கட்டுரை 'வெளியீட்டுக்கு அல்ல' என்ற குறிப்போடு நூறு பிரதி மட்டும் அச்சாகித் தெரிந்தவர்களுக்குள் சுற்றியது. பொதுவில் வந்தது 2012இல். கிரேக்கம் படித்த கனவான்கள் பச்சையை வாசிக்கலாம், மற்றவர்கள் வாசிக்கக் கூடாது என்பது அன்றைய ஏற்பாடு.

நம் பக்கம் வருவோம். விலங்குக்கு மனிதக் கதையை ஏற்றுவதில் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. குறுந்தொகை 69ஆம் பாடலை, கடுந்தோட் கரவீரனார் எழுதியதை, ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். ஆண் குரங்கு இறந்துவிடுகிறது. கைம்மையைத் தாங்காத மந்தி, மரமேறக்கூடப் பழகாத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. இரவில் வராதே என்று தலைவனுக்குத் தோழி சொல்லும் பாட்டு. அதன் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'கைம்மை' என்ற ஒரு சொல் குரங்கின்மேல் ஏறிய கணத்தில் காடே சாட்சிக்கூண்டில் நிற்கத் தொடங்குகிறது. மந்தியே உடன்கட்டை ஏறுகிறதே, உனக்கென்ன?

மானுடவியலாளர் சாரா பிளாஃபர் ஹெர்டி 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் குரங்குகளை ஆராய்ந்து 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே தலைவன் போனால் மந்தி மலையிலிருந்து குதிப்பதில்லை. கூட்டத்தைக் கைப்பற்றும் புதிய ஆண் கைக்குழந்தைகளைக் கொல்லக்கூடும் என்பதால் மந்திகள் பல ஆண்களோடு கூடுகின்றன, சூலுற்ற பிறகும் கூடுகின்றன. எந்தக் குட்டி தன்னுடையது என்று ஆணுக்குத் தெரியாதபோது குட்டி பிழைக்க வாய்ப்பு கூடுகிறது என்பது ஹெர்டியின் விளக்கம். கரவீரனார் ஒன்றைச் சரியாகப் பார்த்திருக்கிறார்: அந்தக் கூட்டத்துப் பெண்கள் ஒருவர் குட்டியை ஒருவர் வாங்கிச் சுமக்கிறார்கள். சுற்றம் உண்மை. சாவுதான் நாம் ஏற்றியது. காணொளியின் நச்சரிக்கும் மனைவிக்கும் பாடலின் கற்புடைய கைம்பெண்ணுக்கும் இடையில் இந்த மந்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இதுவரை யாரும் தமிழில் குரல் கொடுக்கவில்லை.

கீச்சுக்குரலுக்கும் நம்மிடம் மரபு உண்டு. எங்கள் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டியவர்கள் வழிவழியாக ஆண்கள். கட்டியங்காரன் பேசாத ஆபாசம் கிடையாது. ஆனால் அவன் ராஜாவைப் பார்த்தே பேசுவான். துரியோதனன் முறுக்கிக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் நின்று அவன் மானத்தை வாங்கும் உரிமை அவனுக்கு உண்டு. காணொளிக் கட்டியங்காரனோ ராஜாவை விட்டுவிட்டான். பெண்டாட்டியை மட்டும் பிடித்துக்கொண்டான். பாரதியின் 'குயில் பாட்டு' இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பெண் குயில் குரங்கைக் காதலித்து, மனித ஆண்கள் என்னதான் உடுத்தினாலும் வால் உண்டா என்கிற ரீதியில் பேசும். அங்கே கேலிக்கு ஆளாவது மீசையும் தலைப்பாகையும். (நிஜத்தில் கூவுவது ஆண் குயில் என்பது வேறு விஷயம். பெண் குயிலின் சத்தத்தை எந்தக் கவிஞரும் கண்டுகொள்ளவில்லை, என்னையும் சேர்த்து.)

பச்சையைப் பெண் கையிலெடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இசபெல்லா ரோசெல்லினி 2008இல் தொடங்கிய 'கிரீன் போர்னோ' குறும்படங்களைப் பார்க்கலாம். காகிதத்திலும் அட்டையிலும் செய்த உடையில் மண்புழுவாகவும் நத்தையாகவும் ஆண் தேனீயாகவும் அவரே வந்து கூடிக் காட்டுகிறார். சிரிப்பு வயிற்றைப் பிடிக்கிறது, விலங்கியலும் பிழைக்கவில்லை.

இதையெல்லாம் வகுப்பில் பேசிவிட்டு, ஒரு துண்டுப் படத்தின் ஒலியை நிறுத்தி, நீங்களே எழுதுங்கள் என்றேன். பெண் சிங்கங்கள் வேட்டையாடி முடித்திருக்கின்றன. தூங்கிக்கொண்டிருந்த ஆண் சிங்கம் எழுந்து வந்து முதலில் தின்கிறது. என் மாணவிகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தையல் பிரிவில் இருக்கிறார்கள். மாடும் ஆடும் தோலாக மட்டுமே வந்துசேரும் ஊர் எங்களுடையது. விலங்கு பேசும் என்றால் எங்கள் பெண்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அவர்கள் எழுதியதில் சிங்கங்கள் காலை ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸைப் பிடித்தன. மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். பாத்ரூம் போனால் கணக்கு. "சூப்பர்வைசர் வர்றான், இன்னா பண்ணி கீய்ச்சான்னு இவனுக்குப் பங்கு?" என்றது ஒரு சிங்கம். அந்தக் காணொளிகளில் எங்கள் பேச்சு வழக்கு ரவுடிக்கும் முட்டாளுக்கும்தான் வரும்; முதல்முறையாக அது வேட்டையாடுகிறவளின் வாயில் வந்தது. ஆண் சிங்கம் ஒருமுறை கூடுவதற்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாது என்பதை எங்கேயோ படித்துவிட்டு வந்த ஒருத்தி அதை வைத்து எழுதிய நான்கு வரிகளை இங்கே அச்சிட முடியாது. வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. வெளியே வராந்தாவில் போன ஒரு பேராசிரியர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பதிவு செய்து வெளியிடலாமா என்று கேட்டேன். சிரிப்பு அங்கே நின்றது. "அண்ணன் கேட்டா கண்டுபிடிச்சிடுவான்மா" என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்கு நிச்சயம் முடிந்திருக்கிறது. வீட்டில் உருது பேசும் ஒரு பெண், தன் தெருவில் யார் இருமினாலும் யாரென்று தெரியும் என்றாள். முகத்தை மறைக்கலாம், குரலை எப்படி மறைப்பது? ஆண் பையன் அதே வார்த்தைகளைச் சொன்னால் லட்சம் பேர் பார்ப்பார்கள், கல்லூரி விழாவுக்கு அழைப்பார்கள். இவர்களுக்கு அந்த இரண்டு நிமிடத்தின் விலை படிப்பு நிற்பதாக இருக்கலாம், கல்யாணம் நிற்பதாக இருக்கலாம். தைரியமாக இருங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலை கொடுக்கப்போவது நானல்ல.

கடைசியில் நிச்சயமான பெண்தான் வழி சொன்னாள். போனில் ஒரு செயலி இருக்கிறதாம், பேசினால் ஆண் குரலாக மாற்றிக்கொடுக்குமாம். மறுநாள் பதிவு செய்து கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள். மூன்று பெண் சிங்கங்கள் கனத்த ஆண் குரலில் மாதவிடாய் வலியையும் டார்கெட்டையும் பேசின. "இப்ப போடலாமாம்மா?" என்று கேட்டார்கள். கோப்பு இன்னும் என் போனில் இருக்கிறது.