கூத்தரின் பசியும் கூத்தின் மேடையும்

கொல்லிமலையின் அடிவாரமாகிய காரவள்ளியில் நின்று மேல்நோக்குவோருக்கு, 70 கொண்டையூசி வளைவுகளோடு ஏறிச்செல்லும் பாதை புலப்படுவதில்லை. மரமும் பாறையும் மட்டுமே தெரியும். இம்மலைக்குத் தலைவனாயிருந்த வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், புறநானூற்றின் 153ஆம் பாட்டில் வியப்பான செய்தி ஒன்றைச் சொல்கிறார். ஓரியின் கொடையைக் காணச் சென்றது ஒரு கூத்தர் கூட்டம். தண்ணீரில் பூவாத மணிக்குவளையை வெள்ளி நாரில் தொடுத்த கண்ணியும், அணிகலனும், யானைகளும் பெற்றுத் திரும்பியது. அதன் பின்னர் இன்னிசைக் கருவிகள் முழங்கவும் அவர்கள் ஆடவில்லை, பாடலையும் மறந்துவிட்டனர். பசி நீங்கியதுதான் காரணமோ என்று புலவர் வினவுகிறார்.

இப்பாட்டை ஓரியின் வண்மைக்குக் கூறிய புகழாகக் கொள்வதே மரபு. நாமும் அவ்வாறே கொள்கிறோம். ஆயினும் கலைஞரை ஆதரிப்பதுபற்றிப் பேசுவோர் எவரும் இப்பாட்டின் முன் சற்று நின்று செல்வது நலம். பசித்திருந்தால்தான் கூத்தன் ஆடுவானா? அவன் பசியை ஆற்றிவிட்டால் கூத்து அழிந்துபோகுமா? ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் கலைக்குழுக்கள் மேடையேறுகின்றன. மலைமக்களும் சமவெளியினரும் திரளாகக் கூடுகின்றனர். நல்ல விழாதான். ஆனால் ஒரு குழு ஆடி முடிக்குமுன்னரே அடுத்த குழு ஒப்பனையோடு காத்து நிற்கிறது. விழா முடிந்ததும் மேடை பிரிக்கப்படுகிறது. கூத்தரின் எஞ்சிய ஆண்டைப்பற்றி அந்த மேடை ஒன்றும் சொல்வதில்லை. அதைப்பற்றிச் சொல்ல முயன்ற மேடை ஒன்று வடக்கே, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசன்தாங்கல் என்னும் சிற்றூரில் அமைந்தது. அங்கே நிகழ்ந்த கூத்திரவுகளையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

கட்டைக்கூத்துச் சங்கம் 1990ஆம் ஆண்டில் கூத்துக் கலைஞரால் தோற்றுவிக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர்கள் கூத்தரும் ஆசிரியருமாகிய பெ. இராசகோபாலும், இக்கலையை ஆராய்ந்து நூல் எழுதிய ஹன்னெ டி புரூயினும் ஆவர். தெருக்கூத்து என்று நாம் வழங்கும் பெயரை அவர்கள் விரும்பவில்லை. தெருவில் ஆடுவது என்ற சொல்லில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். வேந்தர் வேடத்தார் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும், கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக்கட்டை அணிகளால் வந்த பெயரே கட்டைக்கூத்து. இப்பெயரை ஏற்காதோரும் உண்டு. புரிசைக் கலைஞர்கள் தெருக்கூத்து என்ற பெயரைத் தம் மன்றத்தின் பெயரிலேயே வைத்திருக்கின்றனர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நமக்குத் தகுதியில்லை. ஆயினும் தாழ்வாக நோக்கப்பட்டோர் தம் தொழிலுக்குத் தாமே பெயர் தேடுவது சிறிய செய்தியன்று. பறை என்ற சொல்லை நாம் எவ்வளவு காலம் கூச்சத்தோடு உச்சரித்தோம் என்பதை நினைத்தால் இது விளங்கும்.

இனிப் பசியின் செய்திக்கு வருவோம். வடதமிழ்நாட்டில் கூத்து என்பது பெரும்பாலும் கோடைக்காலத் தொழில். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் கூத்தர் ஆடுவர். இரவு பத்து மணியளவில் தொடங்கினால் விடியும் வரை ஆட்டம். மறுநாள் வேறோர் ஊர். கோடை கழிந்தால் வருவாய் மெலிந்துவிடும். முன்பணம் வாங்கிய கடன் மட்டும் மெலியாது. சிறுவர்கள் பத்து வயதிலேயே குழுவில் சேர்வர். இரவெல்லாம் விழித்தவன் காலையில் பள்ளிக்கூடத்து விசுப்பலகையில் எவ்வாறு அமர்வான்? ஆகவே கலை வேண்டுமானால் படிப்பை விடவேண்டும். படிப்பு வேண்டுமானால் கலையை விடவேண்டும். இராசகோபாலே தந்தையிடம் கூத்துக் கற்று, இளமையிலேயே பள்ளியை விட்டவர். அந்த இழப்பு அடுத்த தலைமுறைக்கு நேரலாகாது என்ற எண்ணத்தினின்றே 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலம் பிறந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, உண்டு, பாடமும் படித்து, கூத்தும் பயின்றனர். கூத்துக் கலைக்கூடம் என்ற அந்த வளாகத்தின் மேடை இப்பள்ளியின் ஓர் உறுப்பாகவே விளங்கிற்று. நகரத்து அரங்குகளுக்கும் அதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே: அங்கே ஆடியோர் அங்கேயே உண்டனர்.

குருகுலம் நடந்துவந்த காலத்தில் நாம் அங்கு கண்ட ஓர் இரவைப்பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். தரையில் பாய் விரித்திருந்தது. முன்வரிசையில் பக்கத்து ஊர்ப் பாட்டிமார், அவர்களுக்கு அருகே சென்னையிலிருந்து வந்த கல்லூரி மாணவர், அயல்நாட்டார் சிலர். ஆர்மோனியமும் மிருதங்கமும் தோலக்கும் முகவீணையும் தாளமும் சேர்ந்து ஒலிக்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னே முதலில் கால்கள் மட்டும் தெரிந்தன. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி அசைந்தது. துரியோதனன் தன் பெருமையைப் பாடுகிறான். முகம் இன்னும் காட்டவில்லை. கட்டியக்காரன் இடையிடையே புகுந்து, மன்னன் பேச்சை ஊர்ப்பேச்சாக மாற்றி நகையாடுகிறான். திரை விலகியதும் அவன் சுழன்ற சுழற்சியில் பாயின் ஓரத்திலிருந்த குழந்தைகள் பின்னுக்கு நகர்ந்தன. பதினெட்டாம் நாள் போர். எல்லாம் இழந்தவனின் கதை. இரவு இரண்டு மணிக்குப் பலர் உறங்கினர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கூத்தில் உறக்கத்திற்கும் இடமுண்டு. விழித்தவன் கதையின் வேறோர் இடத்தில் விழிக்கிறான், கதையோ அவனுக்குத் தெரிந்த கதை. இரண்டு மணி நேரத்தில் முடியும் ஆட்டத்தில் இந்தச் சுதந்திரம் இல்லை. விடியலில் துரியோதனன் விழுந்தபோது வானம் வெளுத்திருந்தது. ஒப்பனையின்மேல் வியர்வை வழிந்த அந்த முகத்தை மின்விளக்கில் அல்ல, பகல் வெளிச்சத்தில் கண்டோம். எந்த ஒளியமைப்பாளரும் இதைச் செய்துவிட இயலாது.

மற்றொரு செய்தி, நமக்கு இதனினும் பெரிது. கூத்து ஆடவர் கலை. பெண்வேடமும் ஆண்களே பூணுவர். குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்றனர். பெண்வேடம் மட்டுமன்றிக் கட்டை வேடமும் பூண்டனர். துகிலுரிதல் ஆட்டத்தில் இதன் பொருள் தெளிவாகும். ஊர்க் கோயிலில் இக்கூத்து நடக்கும்போது துச்சாதனன் வேடக்காரன் சேலையைத் தொடுமுன் அம்மனை வணங்கி மன்னிப்பு வேண்டும் வழக்கமுண்டு. சிலவேளை ஆட்டக்காரனுக்கு ஆவேசம் வந்துவிடும். ஆனால் அங்கே அவமானப்படுத்தப்படும் பெண்ணாக நிற்பவன் ஓர் ஆண். அவ்விடத்தில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி நின்று, தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை எங்கேயென்று சபையைக் கேட்கும்போது, கேள்வி வேறு திசையில் பாய்கிறது. நாம் பார்த்தபோது துச்சாதனனும் ஒரு பெண்ணே. பாட்டிமார் வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பின் அடங்கியது. ஒப்புக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு: அப்பிள்ளையின் குரல் நடு இரவுக்குப்பின் கம்மியது, மேல்சுருதியில் ஆடவர் பாடிப் பழகிய மெட்டு அவளுக்குப் பொருந்தவில்லை. பெண்குரலுக்கேற்பச் சுருதியை மாற்றியமைக்கும் வேலை அன்று முற்றுப்பெறவில்லை. திறனாய்வு என்ற பெயரில் இதை மறைப்பது அப்பிள்ளைக்கு மரியாதையாகாது.

இம்மேடையைக் குறைகூறுவோர் சொல்வதில் வலுவான வாதம் ஒன்றுண்டு. கூத்து நேர்த்திக்கடனோடும் மழையோடும் ஊர்ப்பொதுவோடும் பிணைந்தது. கோயிலைவிட்டுக் கலைக்கூடத்துக்கு வந்தால் அது காட்சிப்பொருளாகிவிடும் என்பர். கேரளத்தில் இதே வாதம் எழுந்ததுண்டு. வள்ளத்தோள் 1930இல் நிறுவிய கலாமண்டலத்தில் 1965இல் பைங்குளம் ராம சாக்கியார் கூடியாட்டம் கற்பிக்கத் தொடங்கியபோது, கோயிற் கூத்தம்பலத்துக்குரியதை வெளியார்க்குக் கொடுப்பதா என்று கேட்டனர். கொடுத்ததனால்தான் சாக்கியர் குலத்தார் அல்லாதோரும் அக்கலையில் தேர்ந்தனர். கோயில் முற்றம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை இவ்வாதம் செய்வோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஊர்ப்பொது என்ற சொல்லுக்குள் சேரி அடங்கியதா? கூத்தைச் சேரியினர் எங்கே நின்று பார்த்தனர்? புஞ்சரசன்தாங்கல் பாயில் யார் பக்கத்தில் யார் அமர்ந்தார் என்று எவரும் கேட்கவில்லை.

இருந்தும் வாதத்தை முழுதும் தள்ளிவிட இயலவில்லை. கலைக்கூடத்தில் கூத்து தன்னை விளக்கிக்கொள்ளத் தொடங்கியது. ஆட்டத்திற்கு முன் அறிமுக உரை, வந்தோர்க்கு அச்சிட்ட தாள். கட்டியக்காரன் என்ற விளக்கக்காரனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கலைக்கு இன்னொரு விளக்கக்காரன் எதற்கு? கதை அறியாதோர் வருகின்றனர் என்பது விடையாகலாம். ஆனால் கதை அறிந்த பாட்டி அந்நேரத்தில் கொட்டாவி விட்டதையும் நாம் கண்டோம். 2017இல் கருநாடக இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரோடு சேர்ந்து அமைத்த கூட்டு நிகழ்ச்சி இரு கலைகளையும் ஒரே மேடையில் சமமாக அமர்த்திற்று என்று புகழப்பட்டது. சபாவுக்குச் செல்வோர் கூத்தரை மதித்துக் கேட்டது நல்லதே. ஆயினும் சமம் என்பதைச் சபாவில்தானா நிலைநாட்டவேண்டும்? கிருஷ்ணாவின் பாட்டைக் கேட்க ஒரு சிற்றூரே விடியும் வரை பாயில் அமர்ந்திருந்தால் அது பெரிய சமம்.

குருகுலம் 2020இல் நின்றது. 18 ஆண்டுகள். பள்ளி நின்றதேயன்றிச் சங்கம் கலையவில்லை. அங்கே பயின்ற இளைஞர் ஆடுகின்றனர். ஆனால் உலை வைத்து, பாடம் சொல்லி, கூத்தும் பயிற்றும் அமைப்பு நன்கொடையை நம்பியே நிற்கவேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. கலாமண்டலத்தை அரசு ஏற்றுப் பல்கலைக்கழக நிலைக்கு உயர்த்திற்று. தமிழ்நாட்டில் கூத்துக்கு விருதுகள் உண்டு, விழாக்கள் உண்டு, நலிந்தோர்க்கு உதவித்தொகையும் உண்டு. கூத்துப்பிள்ளைக்குப் பள்ளி இல்லை. ஓரியின் யானையை இன்று கேட்பாரில்லை. மதிய உணவும் மாலையில் ஓர் ஆசானும் போதும்.

நம் வீட்டையும் பார்த்துவிட்டே முடிக்கவேண்டும். கிறிஸ்தவரானோர் கூத்துப் பார்க்கச் செல்லலாகாதென்று மிஷனெரிமார் பல சபைகளில் கண்டித்தனர். சிலைவழிபாட்டுக்கும் சாதியடிமைக்கும் அஞ்சியே அவ்வாறு செய்தனர் என்று அவர்களுக்காக வாதாடலாம். எனினும் தடை விழுந்த இடத்தில் வேறு மேடை எழவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் மலைக்குறத்தியைச் சுவிசேஷம் சொல்ல வைத்தவர். அவரைப் பாட்டுப்புத்தகத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைக் கழற்றிவிட்டோம். 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, மதுரை அரசரடியில் மாணவர்க்குப் பரட்டை அண்ணனாய் விளங்கி, நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்தார். பாட்டோடு நில்லாமல், ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்ணவேண்டும் என்பதை இறையியலாகவே பேசினார். பாட்டையும் உலையையும் அவர் பிரிக்கவில்லை. நாமோ மாநாட்டு வரவேற்பில் பத்து நிமிடம் பறை அடிக்கச் செய்து, பொன்னாடை போர்த்தி, கலைஞரைப் பேருந்து நிலையத்தில் விட்டுவருகிறோம். செம்மேட்டு மேடையைக் குறைசொன்ன கையால் இதையும் எழுதவேண்டியிருக்கிறது.

வன்பரணரின் பாட்டைத் திரும்பப் படித்தபோது மற்றொன்று புலப்பட்டது. ஆடாதவரைப் புலவர் கடியவில்லை. பாடலை மறந்தோர் என்று அவர் சொல்லும் குரலில் ஏளனமும் இல்லை. பல நாள் பசித்தவர் வயிறு நிறைந்து சாய்ந்திருக்கின்றனர்; அவர்களோடு ஒருவராய் அமர்ந்துதான் அவர் பாடுகிறார். அன்றிரவு அவர்களை எழுப்பி ஆடச்சொல்ல அவருக்கு மனமில்லை.