நயம் பாராட்டல்

தமிழ் விடைத்தாள்களில் நான் ஆசையோடு தேடுவது, கொடுத்த பாட்டின் அழகை விளக்கி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் நயம் பாராட்டலைத்தான். எழுதுமுன் பாட்டை உதடசைய முணுமுணுப்பார்கள். அடிகளின் முதலெழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை, முடிவு ஒத்தால் இயைபு. காது பிடித்ததைப் பென்சில் வட்டமிடும்; அந்தக் கரகர ஒலி கேட்கவே சுகம். அப்புறம் ஸ்கேலை வைத்து மையக்கருத்து, அணி, சந்தம் என்று தலைப்புகளுக்குப் பொறுமையாக அடிக்கோடு.

நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதியவை (அவைதான் நிறைய) வழவழவென்று ஒரே மாதிரி இருக்கும். நடுவே ஒரு பிள்ளை, கோணல் எழுத்தில், "இந்த வரியைப் படித்தால் குதிக்கணும்போல இருக்கு" என்று எழுதிவிடும். சந்த நயத்துக்கு அது சரியான விளக்கம்தான். திருத்துகிறவர்களே, பேச்சு வழக்கு என்று சொல்லி அதைச் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள்.