ஐவன்ஹோ: எதிர்த்து நின்றவர் யார்?

வால்டர் ஸ்காட் எழுதிய 'ஐவன்ஹோ' நாவலின் கருப்பொருள் என்ன என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "நார்மன்கள் கொடுமைக்காரங்க டீச்சர், சாக்சன்கள் பாவம், எதிர்த்துப் போராடுறாங்க" என்ற பதில்தான் முதலில் வரும். பதில் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நாவலின் பாதியைத்தான் படித்திருக்கிறோம். யார் எதிர்த்தார்கள், எதற்காக எதிர்த்தார்கள் என்று இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்டால்தான் ஸ்காட்டின் பலமும் பலவீனமும் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் வரலாற்றுப் பின்னணி. 1066 அக்டோபர் 14-ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போரில், நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம் இங்கிலாந்து மன்னர் ஹரால்டைத் தோற்கடித்தார். ஹரால்ட் களத்திலேயே மாண்டார். ஆனால் எதிர்ப்பு அன்றோடு அடங்கிவிடவில்லை. வடக்கே கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க 1069-70 குளிர்காலத்தில் வில்லியத்தின் படை யார்க் வட்டாரத்து ஊர்களையும் தானியத்தையும் எரித்தது. பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். கிழக்கே, சதுப்பு நிலம் சூழ்ந்த ஈலி தீவில் ஹியர்வர்ட் என்பவர் 1071 வரை தாக்குப்பிடித்தார். 1086-இல் 'டூம்ஸ்டே' நிலக் கணக்கேடு எடுக்கப்பட்டபோது பெரிய நிலவுடைமைகள் அநேகமாக எல்லாமே புதியவர்கள் கைக்குப் போயிருந்தன.

நாவலின் கதை நடப்பதோ 1194-இல். ஹேஸ்டிங்ஸ் முடிந்து 128 ஆண்டுகள் ஓடிவிட்டன. செட்ரிக் என்ற சாக்சன் நிலக்கிழார் இன்னமும் தோல்வியை மறக்கவில்லை. தன் பொறுப்பில் வளரும் ரொவேனாவை, சாக்சன் அரச மரபில் வந்த அதெல்ஸ்டேனுக்கு மணமுடித்துப் பழைய ஆட்சியை மீட்கலாம் என்று கணக்குப் போடுகிறார். அவருடைய மகன் ஐவன்ஹோ ரொவேனாவைக் காதலிக்கிறான். போதாக்குறைக்கு நார்மன் மன்னர் ரிச்சர்டோடு சிலுவைப்போருக்கும் போய்விடுகிறான். பெற்ற மகனையே வீட்டைவிட்டு ஒதுக்கிவிடுகிறார் செட்ரிக்.

இங்கேதான் ஸ்காட் வரலாற்றோடு மோதுகிறார். 1100-ஆம் ஆண்டிலேயே நார்மன் மன்னர் முதலாம் ஹென்றி, பழைய சாக்சன் அரச மரபில் வந்த மட்டில்டாவை மணந்தார். அவர்களுடைய மகள் வயிற்றுப் பேரன் இரண்டாம் ஹென்றி; இரண்டாம் ஹென்றியின் மகன்தான் நாவலில் வரும் ரிச்சர்ட். அப்படியானால் செட்ரிக் மீட்கத் துடிக்கும் ரத்தம் ரிச்சர்டின் உடலிலும் ஓடுகிறது! 1170-களின் இறுதியில் அரசுக் கருவூலத்தின் நடைமுறைகளை விளக்கி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் என்ற அதிகாரி ஒரு நூல் எழுதினார். இரு தரப்பும் கலந்து மணம் செய்துகொண்டதால், சுதந்திரக் குடிகளில் யார் ஆங்கிலேயர், யார் நார்மன் என்று பிரித்தறிவதே கடினமாகிவிட்டது என்கிறார் அவர். ஆக, மேல்தட்டில் நடக்கும் இனப்பகை பெரும்பாலும் ஸ்காட்டின் கற்பனை. அந்தக் கற்பனைக்கு இருந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அகுஸ்தான் தியெரி 1825-இல் நார்மன் வெற்றியைப் பற்றி எழுதிய பெருநூலுக்கு இந்த நாவலே ஒரு தூண்டுதல்.

அப்படியென்றால் நாவல் பொய்யா? அவசரப்பட வேண்டாம். ஃபிட்ஸ்நைஜல் ஒரு விதிவிலக்கு வைக்கிறார்: நிலத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணையாட்கள். அவர்களிடம் இந்தக் கலப்பு நடக்கவில்லை. ஸ்காட் தன் கதையைத் தொடங்குவது அரண்மனையில் அல்ல, அந்த மக்களிடம்தான். முதல் அத்தியாயத்தில் பன்றி மேய்க்கும் கர்த்திடம் கோமாளி வம்பா ஒரு விஷயத்தை விளக்குகிறான். பன்றி உயிரோடு இருந்து, ஏழை அதை மேய்க்கும் வரை அதற்குச் சாக்சன் பெயர். வெட்டிச் சமைத்துப் பிரபுவின் மேசைக்குப் போனதும் அது 'போர்க்' என்ற பிரெஞ்சுப் பெயருக்கு மாறிவிடுகிறது. மாடு 'பீஃப்' ஆவதும் கன்று 'வீல்' ஆவதும் அப்படித்தான். உழைப்பவனுக்கு ஒரு சொல், உண்பவனுக்கு ஒரு சொல். இந்தச் சொற்பிரிவு முழுமையாக நிலைபெறப் பல நூற்றாண்டுகள் ஆனது என்பது மொழியியல் உண்மை. இருந்தாலும், ஒரு நாட்டைப் பிடித்தவர்கள் கோட்டையை மட்டுமல்ல, சோற்றுத் தட்டையும் பிடிக்கிறார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாக உணர்த்தும் உரையாடல்கள் குறைவு. ஆங்கிலமும் படிக்கும் நம் மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதே கர்த்தின் கழுத்தைக் கவனியுங்கள். கழற்றவே முடியாதபடி பற்றவைத்த ஒரு பித்தளை வளையம். அவன் செட்ரிக்கின் பிறவி அடிமை என்று அதில் பொறித்திருக்கிறது. நாட்டின் அடிமைத்தனத்தைப் பற்றி மூச்சுக்கு மூச்சு புலம்பும் செட்ரிக்கின் வீட்டிலேயே ஓர் அடிமை! 1194-இல் இத்தகைய அடிமைமுறை இங்கிலாந்தில் வழக்கொழிந்திருந்தது என்பதால் இதுவும் காலப்பிழைதான். ஆனால் பாத்திரப்படைப்பில் இது அருமையான உத்தி. நார்மன்கள் வருவதற்கு முன்பே சாக்சன் சமுதாயத்தில் அடிமைகள் இருந்தார்கள் என்பது மெய். டூம்ஸ்டே ஏட்டில் கணக்கிடப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமை. ஐவன்ஹோவுக்கு உதவப் போன குற்றத்துக்காகக் கர்த்தைக் கட்டி இழுத்துவரும் செட்ரிக், தன் உயிரையே காப்பாற்றிய வம்பா பரிந்து பேசிய பிறகுதான் அவனுக்கு விடுதலை தருகிறார்.

உல்ரிக்காவின் நிலை இன்னும் கொடுமை. அவளுடைய குடும்பத்தைக் கொன்று கோட்டையைப் பறித்தவர்களின் பிடியிலேயே அவள் வாழ்நாள் கழிகிறது. அவள் கதையைக் கேட்ட செட்ரிக் இரங்குவதைவிட அருவருப்பதே அதிகம். கடைசியில் அந்த டார்க்கில்ஸ்டோன் கோட்டைக்குத் தீ வைத்து, அதிலேயே மடிபவள் அவள்தான். ஆண்டுக்கணக்காகத் திட்டம் தீட்டிய செட்ரிக் ஒரு நார்மன் கல்லைக்கூடப் பெயர்த்ததில்லை.

எல்லோரையும்விட உறுதியாக நிற்பவள் யூதப் பெண் ரெபேக்கா. செட்ரிக் வீட்டு விருந்தில் அவள் தந்தை ஐசக்குக்கு நார்மனும் இடம் தரவில்லை, சாக்சனும் தரவில்லை. யாத்திரிகன் வேடத்திலிருந்த ஐவன்ஹோ ஒருவன்தான் எழுந்து இடம் விடுகிறான். சூனியக்காரி என்று விசாரித்து எரிக்கத் துணிந்தபோதும் ரெபேக்கா தன் மதத்தையும் மானத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. கதைக்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1190 மார்ச்சில், யார்க் நகர யூதர்கள் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டு மாண்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படியுங்கள். கனம் கூடும்.

முடிவில் ஐவன்ஹோவும் ரொவேனாவும் மணக்கிறார்கள். இரு தரப்புப் பெரியவர்களும் கூடி வாழ்த்துகிறார்கள். 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்துவிட்ட ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஸ்காட்டுக்கு, பகைத்தவர்கள் ஒன்றுசேரும் கதை பிடித்திருந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சமாதானப் பந்தியில் ரெபேக்காவுக்கு இலை போடப்படவில்லை. மணமகளுக்கு நகைப்பேழையைக் கொடுத்துவிட்டுத் தந்தையோடு கிரனடாவுக்குக் கப்பலேறுகிறாள். அவளையும் உள்ளே வைத்துக் கதையை முடிக்கும் துணிவு ஸ்காட்டுக்கு இல்லை. இது நாவலின் குறை. அவள் போவதை மூடிமறைக்காமல் கடைசிப் பக்கங்களிலேயே காட்டுகிறாரே, அது அவருடைய நேர்மை. 1290-இல் யூதர்கள் அனைவரும் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்ப்புணர்வு பற்றிக் கேள்வி வந்தால் செட்ரிக்கை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். அரியணையை இழந்தவர் குரல் கதையில் உரக்கவே கேட்கும். அதற்குத் தனியாகக் காது கொடுக்க வேண்டியதில்லை. கர்த்தின் வளையம், உல்ரிக்காவின் தீ, ரெபேக்காவின் பயணம் ஆகிய மூன்றையும் சான்றாக வைத்து எழுதுங்கள். தோற்ற கூட்டத்துக்குள்ளும் மேலே ஒருவன், கீழே ஒருவன் உண்டு என்று காட்டிவிட்டால் உங்கள் விடை கதைச்சுருக்கமாக நின்றுவிடாது, திறனாய்வாக நிற்கும்.