ஆசியத் தன்பாற் காதல் தொடர்களில் ஊடலும் முரணும்: பார்வையாளர் கருத்து குறித்த ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

காதலைப் பொருளாகக் கொண்ட இலக்கியம் எதுவாயினும் அதன்கண் இன்பம் மட்டும் இருத்தல் இல்லை; இன்பத்திற்கு இடையூறாவதும் உடன் நிற்கும். இடையூறு முற்றும் இல்லையேல் கதை நகராது. அளவின் மிகுமேல் காதல் நிற்காது. அவ்வளவு யாது என்பது பழைய வினா. அதனை இன்று பெரிதும் எழுப்புவோர், ஆண்மக்கள் இருவரிடைத் தோன்றும் காதலைக் கூறும் ஆசியத் தொலைக்காட்சித் தொடர்களைக் காண்போர் ஆவர். ஜப்பான், தாய்லாந்து, தைவான், தென்கொரியா ஆகிய நாடுகளில் இத்தொடர்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. இவற்றைக் காண்போர் கருத்துகளைத் தொகுத்து நோக்கின், அவை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருதலைக் காணலாம்: ‘இப்பிரிவு இக்கதைக்கு வேண்டியதுதானா?’

இக்கேள்வியை எளிய சுவைஞரின் மனமென்மை என்று கற்றோர் சிலர் ஒதுக்குவர். அங்ஙனம் ஒதுக்குதல் பொருந்தாது என்பதும், அக்கருத்துகளுள் ஒரு திறனாய்வு நெறி பொதிந்துள்ளது என்பதும், அந்நெறியும் சிலவிடங்களில் வழுவுகின்றது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவனவாம்.

2. கருவிச் சொற்கள்

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். நம் அகத்திணை இலக்கணம் ஒருவனும் ஒருத்தியும் கொள்ளும் காதலுக்கே வகுக்கப்பட்டது. அதனை அயல்நாட்டார் படைத்த இத்தொடர்களுக்கு அப்படியே பொருத்திக் காட்டுதல் முறையன்று. நாம் அதனைச் செய்ய முற்படவும் இல்லை. எனினும், காதலர்க்கு இடையே எழும் பிணக்கின் படிநிலைகளைப் பிரித்துச் சொல்லும் சொற்கள் நம் மொழியில் நுட்பமாக அமைந்துள்ளன. புலவி என்பது இளைய பிணக்கு. துனி என்பது முதிர்ந்த பிணக்கு. இவ்விரண்டும் காதலர் இருவருக்குள்ளேயே பிறப்பன. அலர் என்பதோ ஊரார் வாயிற் பிறந்து காதலரைப் புறத்தே நின்று நெருக்குவது. புலவியை வள்ளுவர் உணவில் இடும் உப்பிற்கு ஒப்பிட்டமை அனைவரும் அறிந்ததே. இச்சொற்களை அளவுகோலாக மட்டும் கொண்டு மேற்செல்வோம்.

3. அச்சத்தின் வரலாறு

இவ்வகையின் மூலம் ஜப்பானில், பெண் எழுத்தாளர்கள் சிறுமியர்க்கென வரைந்த சித்திரக் கதைகளில் உள்ளது. ஹாகியோ மோட்டோ 1974இல் வெளியிடத் தொடங்கிய ‘தோமாவின் இதயம்’ ஒரு மாணவனின் சாவோடு தொடங்குகின்றது. தாகேமியா கெய்கோ 1976 முதல் வரைந்த ‘காற்றும் மரமும் பாடும் பாட்டு’ காதலருள் ஒருவன் இறத்தலோடு முடிகின்றது. அப்பத்தாண்டின் இறுதியில் இத்தகைய கதைகளுக்கு ‘யாஓய்’ என்றொரு பெயர் வழங்கலாயிற்று. ‘முகடு இல்லை, முடிப்பு இல்லை, பொருள் இல்லை’ எனப் பொருள்படும் மூன்று ஜப்பானியத் தொடர்களின் முதலெழுத்துகளால் ஆய பெயர் அது. எழுதியோர் தம்மைத் தாமே எள்ளி இட்டுக்கொண்ட இப்பெயர் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. முரண் முற்றி முகடு எய்துதலும், பின்னர் அது தீர்ந்து அமைதலும் இக்கதைகட்கு இன்றியமையாதன அல்ல என்ற எண்ணம் இவ்வகையின் பெயரிலேயே உறைந்துள்ளது.

மற்றொரு புறம், இக்காதலைக் கூறிய ஆசியத் திரைப்படங்கள் பல துன்பத்திலேயே முடிந்தன. 1993இல் வந்த ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’ என்னும் சீனப்படத்தில், உடன் நடிப்பவன்மேல் வாழ்நாளெல்லாம் காதல் கொண்ட நடிகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றான். 2001இல் வந்த ‘லான் யூ’வில் காதலன் விபத்தில் மடிகின்றான். 2007இல் தாய்லாந்தில் வெளிவந்த ‘லவ் ஆஃப் சயாம்’ படத்தில் இளைஞர் இருவரும் அன்பு குறையாமலே பிரிகின்றனர். ஆண்டுகள் பலவாக இம்முடிவுகளையே கண்டு பழகிய பார்வையாளர், தொடர் ஒன்றில் சிறு பிணக்குத் தோன்றினும் ‘இவர்களும் பிரிவரோ’ என்று அஞ்சுதல் இயல்பு. இன்ப முடிவை அவர்கள் வலிந்து வேண்டுதற்கு அடிப்படை இவ்வரலாறே. இதனை உணராது அவர்தம் கருத்தை எடைபோடுவோர் பாதியையே எடைபோட்டவர் ஆவர்.

4. ஒட்டவைத்த முரண்

தாய்லாந்துத் தொடர்கள் பல பன்னிரண்டு பகுதிகளால் ஆனவை. அவற்றுள் பதினோராம் பகுதியில் காதலர் பிரிவதும் பன்னிரண்டாம் பகுதியில் கூடுவதும் ஒரு வாய்பாடாகவே அமைந்துவிட்டன. பார்வையாளர் இதற்குப் ‘பதினோராம் பகுதியின் சாபம்’ என்று பெயரிட்டுள்ளனர். பெயரிலுள்ள எள்ளல் ஒருபுறம் நிற்க, அதனுள் அடங்கிய குற்றச்சாட்டு கூர்மையானது. பிரிவு கதைமாந்தர் இயல்பிலிருந்து பிறவாமல் பகுதிகளின் எண்ணிக்கையிலிருந்து பிறக்கின்றது என்பதே அது.

2020இல் பல நாடுகளிலும் பரவிய ‘டுகெதர்’ தொடரை இதற்குச் சான்றாகக் கூறலாம். தன்னை விடாது தொடரும் ஒருவனை விலக்குதற்பொருட்டு டைன் என்னும் மாணவன் சராவத் என்பானைக் காதலனாக நடிக்கும்படி வேண்டுகின்றான், நடிப்பு மெய்யாகின்றது. இத்துணையும் இனிது செல்லும் கதையில், இறுதிப் பகுதிகளில் சராவத்தின் பழைய தோழி ஒருத்தி தோன்ற, டைன் ஐயுற்று விலகுகின்றான். ஒரு சொல் பேசியிருப்பின் தீர்ந்திருக்கும் ஐயம் அது. இப்பிணக்கைப் பார்வையாளர் பலர் கடிந்தனர். அவர்கள் கடிந்தது நேரிதே. ஏனெனின், இது புலவியும் அன்று, துனியும் அன்று. புலவிக்கு உரிமை வேண்டும். துனிக்குக் காரணம் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் மாந்தர் இருவரும் ஆசிரியர் கையிற் பாவையராய் ஆடுகின்றனர்.

5. கதையிற் பிறந்த முரண்

ஆயின், அதே பார்வையாளர் எல்லா முரணையும் வெறுக்கின்றனரா எனின், இல்லை. 2020இல் ஜப்பானில் ஒளிபரப்பாகிய ‘செர்ரி மேஜிக்’ தொடரில், அதாச்சி என்னும் அலுவலகப் பணியாளன் முப்பதாம் பிறந்தநாளில், தன்னைத் தொடுவோர் உள்ளத்தை அறியும் ஆற்றல் பெறுகின்றான். உடன் பணிபுரியும் குரோசாவா தன்னைக் காதலிப்பதை அவ்வாறே அறிகின்றான். ஈற்றயற் பகுதியில் இங்கும் பிரிவு நேர்கின்றது. ஆனால் அப்பிரிவு கதையின் முதற் காட்சியிலேயே விதைக்கப்பட்டது. பிறன் உள்ளத்தை அவன் அறியாமல் படித்து வந்த ஒருவன், அவ்வுதவி இன்றித் தன்னால் அன்பு செய்ய இயலுமா என்று அஞ்சுகின்றான். இவ்வச்சம் அதாச்சிக்கே உரியது. வருந்திய பார்வையாளரும் இதனை அவன் இயல்போடு ஒட்டியது எனக் கொண்டமைக்குக் காரணம் இதுவே.

2021ஆம் ஆண்டின் இறுதியில் தாய்லாந்தில் தொடங்கிய ‘பேட் படி’ இன்னும் ஒருபடி மேற்சென்றது. அடுத்தடுத்த வீடுகளில் பகைகொண்டு வாழும் இரு குடும்பத்தின் மைந்தர் பேட், ப்ரான் என்போர். பகையின் வேர் முன்தலைமுறையில் உள்ளது. ப்ரானின் தாய்க்கு உரியதாயிருந்த கல்வி உதவித்தொகையைப் பேட்டின் தந்தை இளமையில் தனதாக்கிக்கொண்டார். பதினோராம் பகுதி வந்ததும் பார்வையாளர் வழக்கம்போல் அஞ்சினர். அப்பகுதியில் காதலர் பிரிந்தாரல்லர்; பெற்றோரை விட்டு நீங்கிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒருங்கு தங்கினர். இறுதிப் பகுதி நான்கு ஆண்டுகள் கடந்து தொடங்குகின்றது. இருவரும் பிரிந்துவிட்டவர் போலவே காட்டப்படுகின்றனர். பின்னரே அது பெற்றோர் பொருட்டு இருவரும் பூண்ட நடிப்பு என்பது புலனாகின்றது.

இதன் நுட்பம் யாது? பார்வையாளரின் அச்சத்தை ஆசிரியர் அறிந்து, அதனையே கதையின் உறுப்பாக்கிக் கொண்டார். முரண் முழுவதும் புறத்தே, குடும்பப் பகையில் வைக்கப்பட்டது. காதலர் இருவரும் அதன்முன் ஒரே பக்கத்தில் நின்றனர். பகை முற்றும் தீர்ந்ததென்றும் கதை கூறவில்லை. பெற்றோர் அறிந்தும் அறியாதார்போல் இருக்கின்றனர். காதலர் மறைந்தும் மறையாதும் வாழ்கின்றனர். இவ்வரைகுறை அமைதியைக் குறையென்றோரும் உண்டு. எம் கருத்தில் அதுவே இத்தொடரின் மெய்ம்மை. தலைமுறைப் பகை ஒரு பகுதியில் தீர்ந்துவிடுமாயின் அது பகையே அன்று.

6. சிறு பிணக்கின் சிறப்பு

பெருமுரண் இன்றியும் காதற்கதை அமையும் என்பதற்கு ‘நேற்று என்ன உண்டாய்?’ எனப் பொருள்படும் பெயருடைய ஜப்பானியத் தொடர் (2019) சான்று. யோஷினாகா ஃபூமியின் சித்திரக் கதையினின்று எடுக்கப்பட்டது இது. நடுவயதினராகிய வழக்கறிஞர் ஷிரோவும் முடிதிருத்துநராகிய கென்ஜியும் ஓரில்லத்தில் வாழ்கின்றனர். ஷிரோ மாலைதோறும் சிக்கனமாகப் பொருள் வாங்கிச் சமைக்கின்றார், இருவரும் உண்கின்றனர். தம் உறவைப் பணியிடத்தில் மறைப்பவர் ஷிரோ, மறையாதவர் கென்ஜி. தம்மைப் பற்றிக் கடை வாடிக்கையாளரிடம் கென்ஜி பேசியதை அறிந்த ஷிரோ சினக்கின்றார். பிறர் தம் மனைவியரைப் பற்றிப் பேசுதல்போல் நான் பேசுதல் ஏன் கூடாது என்பதே கென்ஜியின் கேள்வி. அளவில் சிறிய இப்புலவிக்குள் ஊரும் அலரும் பெற்றோர் நாணமும் அடங்கிவிடுகின்றன. உப்பின் அளவு அறிந்த கை என்று இதனைக் கூறலாம். ‘ஒன்றும் நிகழவில்லை’ என்று சலித்தாரும் உளர்; அவர்கள் நிகழ்ச்சியைத் தேடினரேயன்றி முரணைத் தேடினாரல்லர்.

7. காரணமற்ற சாவு

2019 மே 24ஆம் நாள் தைவானில் தன்பாலார் திருமணம் சட்டப்படி ஏற்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் ‘ஹிஸ்டரி’ வரிசையைச் சார்ந்த ‘மேக் அவர் டேஸ் கவுண்ட்’ தொடங்கியது. பள்ளி மாணவர் இருவரின் காதலை நெடிது வளர்த்து, இருவரும் வாழ்வில் காலூன்றும் நிலையில், ஒருவனை விபத்தில் மாய்த்து அத்தொடர் முடிந்தது. பார்வையாளரின் சினம் பெரிதாயிற்று. துன்பியல் முடிவை ஏலாதவர் இவர்கள் என்று அப்போதும் சிலர் கூறினர். நாம் அதற்கு உடன்படோம். துன்பியலில் சாவு மாந்தர் செயலின் விளைவாய் வருவது. இங்கு அது சாலையில் வந்தது. முன்னைய கதைகளில் சாவு, உலகம் இடங்கொடாமையின் குறியீடாகவேனும் நின்றது. நாட்டின் சட்டமே இடங்கொடுத்துவிட்ட ஆண்டில் கதையாசிரியர் இடங்கொடாமை, பழைய வாய்பாட்டின் எச்சமாகவே தோன்றுகின்றது. இவ்விடத்தில் திறனாய்வாளர் காணவேண்டியதைப் பார்வையாளர் முன்னரே கண்டனர் எனல் தகும்.

8. பார்வையாளர் வழுவுமிடம்

எனினும் அவர்கள் கருத்து எங்கும் நேரியது என்று கொள்ளுதலும் கூடாது. இரண்டிடங்களைச் சுட்டுவோம்.

முதலாவது, 2019இல் வந்த ‘தார்ன்டைப்’. இதில் ஒருவன் மற்றவனை அவன் இசைவின்றித் தொடும் நிகழ்ச்சி காதலின் தொடக்கமாகக் காட்டப்படுகின்றது. பார்வையாளருள் ஒரு சாரார் இதனைக் கண்டித்தனர். மற்றொரு சாரார் இறுதியில் இருவரும் கூடினமையின் தொடக்கத்தைப் பொறுத்தனர். வற்புறுத்தல் முரணின் ஒருவகை அன்று. அது காதலின் மறுப்பு. இன்ப முடிவு தொடக்கத்தின் இழிவைக் கழுவிவிடும் என்று கொள்ளின், முடிவை மட்டும் நோக்கிக் கதையை அளக்கும் பிழை நேரும்.

இரண்டாவது, இதற்கு மறுதலையான பிழை. 2020இல் வந்த ‘ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ’ புக்கெட் தீவில் நிகழ்வது. பல்கலைக்கழக நுழைவின்பொருட்டுச் சீனமொழி பயிலும் தே, ஓஏவ் என்னும் பழைய நண்பர் இருவரின் கதை. தே தன் உள்ளத்தையே அஞ்சுபவன், அவ்வச்சமே முரண். இதனைப் பார்வையாளர் பெரிதும் போற்றினர். 2021இல் வந்த அதன் தொடர்ச்சியில் இருவரும் பாங்காக் சேர்கின்றனர். நாடகத்துறையில் புகுந்த தே, அங்குள்ள மூத்தவன் ஒருவன்பால் மனம் சாய்ந்து பிழை செய்கின்றான், இருவரும் பிரிகின்றனர், ஆண்டுகள் கழிந்தே கூடுகின்றனர். இதனைப் பார்வையாளர் பலர் ஏற்றிலர். ‘எம் தே இவ்வாறு செய்யான்’ என்றனர். ஆனால் கூர்ந்து நோக்கின், தான் யார் என்று அறியாது பிறர் கண்ணில் தன்னைத் தேடும் இயல்பு முதற்கதையிலேயே தேயினிடம் உண்டு. நடிப்புக் கலையும் பெருநகரும் அதனை வளர்த்தன. இஃது ஒட்டவைத்த முரண் அன்று; முதிர்ந்த துனி. துனி கனிந்தபின் வரும் கூட்டத்திற்கே எடை உண்டு. இங்குப் பார்வையாளர் தம் நெறியைத் தாமே கைவிட்டு, வரலாற்று அச்சத்தின் வழிச் சென்றனர்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் சில பெறப்படும். இத்தொடர்களின் பார்வையாளர் வேண்டுவது முரணில்லாக் காதல் அன்று. மாந்தர் இயல்பினின்று பிறக்கும் முரணே. குடும்பம், ஊர், சட்டம் ஆகியவற்றால் வரும் முரணையும், உள்ளத்து அச்சத்தால் வரும் முரணையும் அவர்கள் ஏற்கின்றனர். எண்ணிக்கையை நிரப்ப வரும் பிணக்கையும், காரணமற்ற சாவையும் மறுக்கின்றனர். இது நல்ல திறனாய்வு நெறியே. ஆயின், இன்ப முடிவின்மேல் கொண்ட வேட்கை அந்நெறியை இருவழியில் திரிக்கின்றது. தீயதைப் பொறுக்கச் செய்கின்றது. உண்மையானதை வெறுக்கச் செய்கின்றது.

தாய்லாந்திலும் திருமணச் சமன்மைச் சட்டம் 2025 ஜனவரி 23ஆம் நாள் நடைமுறைக்கு வந்துவிட்டது. களவிலே காலமெல்லாம் நின்ற கதைமாந்தர்க்குக் கற்பு வாழ்க்கை திறந்துள்ளது. இனிக் கதையாசிரியர் ‘இவர்கள் கூடுவரா’ என்று மட்டும் வினவி அமைய இயலாது. ‘கூடியபின் எவ்வாறு வாழ்வர்’ என்றும் வினவ வேண்டும். ஷிரோவின் அடுக்களை அதற்கு ஒரு விடை. தேயின் பிழை மற்றொரு விடை. முன்னதை விரும்பி ஏற்ற பார்வையாளர் பின்னதையும் ஏற்கும் நாளில், இவ்வகை தன் அச்சத்தைக் கடந்து முதிர்ந்ததாகும்.